நிறுத்தி வைத்த திரையில் ஒரு லாரி

அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை முடித்து, விரிப்பை மடித்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு முதஸ்ஸிர் திரும்பியபோது, கம்ப்யூட்டரில் நிறுத்தி வைத்திருந்த விளையாட்டில் ஒரே ஒரு லாரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தொழுகைக்கு எழும்போதெல்லாம் விளையாட்டை நிறுத்தி வைப்பது அவன் பழக்கம். யாரும் சொல்லித் தந்ததல்ல. படைத்தவன் முன்னால் தலை தாழ்த்தி நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் தன் லாரிகள் சம்பாதித்துக்கொண்டு ஓடுவது அவனுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும். திரையின் அடியில் தேதி நிற்கும். ஆலைகளின் புகை பாதி உயரத்தில் உறைந்து நிற்கும். கடலில் கப்பல்கள் பொம்மைபோல நிற்கும். இப்போதும் அப்படித்தான் நின்றன. வடக்கு ஓரத்தில், கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டி, செங்கல் நிறத்தில் ஒரு லாரி மட்டும் அவசரமில்லாமல் தெற்கே வந்துகொண்டிருந்தது.

அந்த நிறத்தில் அவன் லாரி எதுவும் வாங்கியதில்லை.

எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில், திருவொற்றியூருக்குச் சற்று வடக்கே, பழைய கண்டெய்னர் ஒன்றில் கதவும் சன்னலும் வெட்டி அலுவலகமாக்கியிருந்தார்கள். வெளியே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் யாரோ முறம் முறமாகக் கொண்டைக்கடலையைக் கொட்டுவதுபோல இருந்தது. ஈர இரும்பின் வாடை, டீசல் வாடை, கடலின் உப்பு வாடை, இவற்றுக்கு மேலே ஏதோ ஒரு ஆலையிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை எல்லாம் கலந்து, மூச்சை இழுத்தால் நாக்கில் ஒட்டியது. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் காலையிலிருந்தே அசையாமல் நின்றிருந்தன. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எந்தக் கேட்டுக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குப் போனில் சொல்வதுதான் முதஸ்ஸிரின் வேலை. வரிசை நின்றுவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது அவன் அந்தப் பழைய விளையாட்டைத் திறந்துகொள்வான்.

கம்ப்யூட்டர் திரைகள் குண்டாக இருந்த காலத்து விளையாட்டு அது. பருந்துக்குத் தெரிவதுபோல நிலம் சாய்வாகத் தெரியும். சாலை போட வேண்டும், லாரி வாங்க வேண்டும், நிலக்கரியை மின் நிலையத்துக்கும் சரக்கைத் துறைமுகத்துக்கும் அனுப்ப வேண்டும், கம்பெனியை வளர்க்க வேண்டும். அவ்வளவுதான். முதஸ்ஸிர் அதில் தன் கடற்கரையையே கட்டியிருந்தான். கிழக்கே கடல், வடக்கே கழிமுகம், தெற்கே துறைமுகம், நடுவில் ஒற்றைச் சாலை. ஒவ்வொரு லாரிக்கும் கம்பெனியின் ஓட்டுநர் ஒருவருடைய பெயரை வைத்திருந்தான். பழுதாகும் முன்பே பணிமனைக்கு அனுப்பிவிடுவான். சாலைக்காக யார் வீட்டையும் இடித்ததில்லை. சுற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று வளைத்துத்தான் போடுவான். டீ குடிக்க வரும் ஓட்டுநர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள்.

இன்று மாலையும் ஓட்டுநர் வெற்றி வந்து பார்த்தான். காசிமேட்டுப் படகுக்காரக் குடும்பம். கடலை விட்டு ட்ரெய்லருக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன.

"இன்னா மாமு, என் வண்டி அங்கியும் லைன்லதான் நிக்குதா? அதுலயாவது என்னிய ஓட வுட மாட்டியா?"

கூடவே பவுனம்மாளும் உள்ளே வந்தாள். வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே கூடையோடு நடந்து வறுத்த மீன் விற்பவள். அவளுடைய போனுக்கு முதஸ்ஸிரின் மேசையில்தான் சார்ஜ். அதற்குப் பதிலாக நாலு நெத்திலியைக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள்.

"அல்லாம் ஆம்பளைங்க பேராவே கீது. என் பேர்ல ஒரு வண்டி வுடேன் பாயி."

"உனுக்கு வண்டி குடுத்தா மீன் கூடையத்தான் ஏத்துவ. கம்பெனியே நாறிப்பூடும்" என்றான் வெற்றி.

"கடக்கரைல பொறந்தவன் பேசற பேச்சாடா இது? மொதல்ல உன் சட்டைய மோந்து பாரு. உன் பொண்டாட்டி எப்டித்தான் உன்னாண்ட படுக்கறாளோ, புண்ணியவதி."

முதஸ்ஸிர் சிரித்துக்கொண்டே அவள் பெயரில் ஒரு லாரி வாங்குவதாக ஒப்புக்கொண்டான். அந்த நேரத்தில்தான் வெற்றியின் மனைவி ஜெயஸ்ரீ அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நிறைமாதம். இன்றோ நாளையோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"அண்ணே, அவர எப்டியாச்சும் வூட்டுக்கு அனுப்பி வெச்சுருங்கண்ணே. எனுக்கு பயமா கீது."

"கவலைப்படாத மா. இந்த லோடு கேட்டுக்குள்ள போனதும் நானே பைக்ல இட்டாந்து வுடறேன். என் பொறுப்பு."

இப்படிச் சொன்னதும் வெற்றியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து முதஸ்ஸிருக்கே நெஞ்சு நிறைந்தது. வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்ததாக யாரோ கத்த, வெற்றி வெளியே ஓடினான். ஏறுவதற்கு முன் வீல் ஸ்பேனரை எடுத்து ட்ரெய்லரின் அடிச்சட்டத்தில் மூன்று முறை ஓங்கித் தட்டி, "கீழ யாரு?" என்று குரல் கொடுத்தான். அந்தச் சாலையில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. வெயிலுக்கும் மழைக்கும் ஆட்கள் ஒதுங்குவது ட்ரெய்லர்களின் அடியில்தான். அங்கேயே சாப்பிடுவார்கள், அங்கேயே தூங்குவார்கள். என்ஜின் சத்தம் முன்னும் பின்னும் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பதால் அதற்கு யாரும் விழிக்க மாட்டார்கள். சட்டத்தில் தட்டுவதற்குத்தான் விழிப்பார்கள். எவ்வளவு அவசரமானாலும் தட்டாமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை.

அதெல்லாம் மஃரிபுக்கு முன்பு.

இப்போது முதஸ்ஸிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் செங்கல் நிற லாரியின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினான். வழக்கம்போலச் சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. எல்லா லாரிக்கும் மேலே பெயர் இருக்கும். இதற்கு இல்லை. கீழே வேகம் காட்டும் இடத்தில் பூஜ்யம் என்று இருந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் தெரிந்த அதன் படத்தை உற்றுப் பார்த்தான். மற்ற லாரிகளெல்லாம் தீப்பெட்டிபோலக் காய்ந்த நிறத்தில் இருக்க, இது ஈரமாக இருந்தது. அதன் அடியிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டே வந்தது. சாலையில் அது வந்த வழி முழுவதும் மெல்லிய கோடு.

"பழைய கேமு. ஏதோ கோளாறு" என்று சொல்லிக்கொண்டான். தன் குரல் அந்தத் தகரப் பெட்டிக்குள் வேறு யாருடையதோபோல ஒலித்தது.

லாரி கழிமுகத்துப் பாலத்தருகே நின்றிருந்த முதல் வண்டியை நெருங்கியது. அது ஜெஸ்வினுடையது. விளையாட்டில் ஒரு லாரியை இன்னொரு லாரி இடிக்காது. பின்னால் வந்து காத்து நிற்கும். இது நிற்கவில்லை. உள்ளே புகுந்தது. ஜெஸ்வினின் லாரி ஒரு முறை நெளிந்து, மறைந்து போனது. திரையின் அடியிலிருந்து செய்தித்தாள்போல ஒரு தாள் எழும்பியது. ரயில் பாதையில் லாரி மாட்டிக்கொண்டால் வரும் தாள் அது. சின்னதாக ஒரு தீப்பந்தின் படம், ஓட்டுநர் பலி என்று ஒரு வரி. முதஸ்ஸிரின் வரைபடத்தில் ரயில் பாதையே கிடையாது. இந்தத் தாளில் தீப்பந்தும் இல்லை. காகிதம்போலக் கசங்கிய ஒரு கேபின் இருந்தது. சன்னல் வழியாக முழங்கை வரைக்கும் ஒரு கை வெளியே தொங்கியது. அதன் விரல்கள் பிறழ்ந்திருந்தன. ஜெஸ்வின் பலி.

முதஸ்ஸிர் வண்டிகள் நிற்கும் இடத்தைக் காட்டும் கம்பெனித் திரையைத் திறந்தான். மழைக்கு அது எப்போதோ செத்திருந்தது. போனை எடுத்து ஜெஸ்வினை அழைத்தான்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது.

"ஜெஸ்வின்? எங்க கீற?"

பதிலுக்கு ஹார்ன். விடாத ஒரே ஹார்ன். ஒரு மனிதனின் நெஞ்சு மொத்தமாக அதன்மேல் சாய்ந்து கிடந்தால் எப்படி அலறுமோ அப்படி. அந்த அலறலுக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு மூச்சு. "பா... யி..." பிறகு ஏதோ ஒரு கனமான வண்டி பின்னால் போகும் ஓசை. கொஞ்சம் தூரம் போய் நின்றது. மறுபடி முன்னால் வந்தது. இரும்பு இரும்பை மெல்லும் சத்தம். எலும்பின் சத்தமும் அதில் இருந்தது. அவன் காசிமேட்டில் நண்டு உடைப்பதைக் கேட்டிருக்கிறான். அதே சத்தம். ஹார்ன் நின்றது.

வண்டி மறுபடியும் பின்னால் போனது.

முதஸ்ஸிர் போனைத் துண்டித்தான். வாய் தானாகவே ஓதத் தொடங்கியது. காவல்துறைக்கு அடித்தான். லைன் கிடைக்கவில்லை. முதலாளி மனோகரனுக்கு அடித்தான். கிடைக்கவில்லை. திரையில் செங்கல் நிற லாரி அடுத்த வண்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. கமாலுதீன். தொண்டையார்பேட்டைக்காரர். கம்பெனியில் எல்லோருக்கும் மூத்தவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சொல்லு தம்பி" என்றார் கமாலுதீன். சாதாரணக் குரல். பின்னணியில் மழையும் வைப்பரின் கீச்சும்.

"வ அலைக்கும் ஸலாம். கமால் பாய், பின்னாடி ஏதாச்சும் வண்டி வருதா பாருங்க. சீக்கிரம்."

"இன்னாத்துக்கு? இரு, கண்ணாடில பாக்கறேன்... ஆமா, ஒண்ணு வருது. லைட்டு போடாம வரான் பாரு பேமானி. லைனுக்குள்ளயே வரான். எப்டி வரான் இவன்? டேய்! டேய் நிறுத்..."

கண்ணாடி உடைந்தது. ஒரு அலறல் தொடங்கி, தொண்டையிலேயே எதுவோ புகுந்து அடைத்ததுபோலக் கொப்பளித்து முடிந்தது. பிறகு இழுபடும் சத்தம். ஈரமான ஏதோ ஒன்று தார்ச்சாலையில் வெகு தூரம் இழுபட்டது. கடைசியில் அதுவும் நின்றது. ஆனால் போன் துண்டிக்கப்படவில்லை. போனுக்கு வெகு அருகில் ஒரு என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அது காத்திருந்தது. அவன் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டாவது தாள் எழும்பியது. அந்தப் படத்தை அவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. வெண்தாடி ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அது வெள்ளையாக இல்லை.

கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினான். யு.பி.எஸ். கீச்சென்று அடிக்கத் தொடங்கியது. திரை அணையவில்லை. லாரி அடுத்துப் போகப்போவது யாரிடம் என்று அவனுக்குத் தெரியும். சாலையின் தெற்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தது வெற்றியின் வண்டி.

என் பொறுப்பு என்று ஜெயஸ்ரீயிடம் சொல்லியிருந்தான்.

விளையாட்டில் இடிப்பதற்கென்று ஒரு கருவி உண்டு. அவன் அதைத் தொட்டதே இல்லை. இப்போது அதை எடுத்து, செங்கல் நிற லாரிக்கு முன்னால் சாலையை வெடிவைத்துத் தகர்த்தான். வெறும் மண்ணாயிற்று. லாரி மண்ணில் வந்தது. இன்னும் முன்னால் தகர்த்தான். அது ஒதுங்கி, ஊருக்குள் இறங்கியது. அவன் வளைத்து வளைத்துச் சாலை போட்டுக் காப்பாற்றிய வீடுகள் ஒவ்வொன்றாக அதன் அடியில் தட்டையாயின. ஒவ்வொரு கூரையும் மடங்கும்போது உள்ளிருந்து புள்ளி புள்ளியாக ஏதோ வெளியே ஓடியது. இந்த விளையாட்டில் மனிதர்களே கிடையாது. இன்று இருந்தார்கள். அந்தப் புள்ளிகள் ஓடின. லாரி அவற்றின் பின்னாலேயே திரும்பித் திரும்பிப் போய், ஒன்றையும் விடாமல் நசுக்கிவிட்டு, மறுபடி சாலையில் ஏறியது.

வேகம் பூஜ்யம்.

வெற்றியை அழைத்தான்.

"இன்னா மாமு, வுட்டாச்சா கேட்ட?"

"வெற்றி, வண்டிய எடு. லெஃப்ட்ல ஒடி. ரோட்ட வுட்டு மண்ல இறக்கு. இப்பவே!"

"இன்னாத்துக்கு? லைன் போய்டும் மாமு. அப்பால எவனும் உள்ள வுட மாட்டான்."

"லைன் போவட்டும்! பின்னாடி ஒரு வண்டி வருது. பிரேக்கு இல்ல அதுக்கு. ஜெஸ்வின அடிச்சிடுச்சு. கமால் பாய அடிச்சிடுச்சு. அடுத்து நீதான்டா!"

"இன்னா சொல்ற நீ? சரி இரு. எறங்கி ஒரு தட்டு தட்டிட்டு எடுக்கறேன். மழைக்கு எவனாச்சும் கீழ ஒதுங்கி..."

திரையில் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒரு விரலகலம்தான் இருந்தது.

"எறங்காத! எறங்குனா செத்த! எடுடா! உன் பொண்டாட்டி வவுத்துல இருக்கறது மேல ஆணை, எடு!"

வாழ்நாளில் அவன் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை.

போனில் என்ஜின் உறுமியது. ஏர் பிரேக் விடுபடும் 'உஸ்'. வண்டி கிளம்பியது.

ஒரு குலுக்கல்.

இன்னொரு குலுக்கல்.

"மாமு." வெற்றியின் குரல் குழந்தையின் குரல்போல ஆகியிருந்தது. "மாமு, இன்னாவோ ஏறிச்சு மாமு."

அதன் பிறகு கேட்ட அலறல் போன் வழியாகவும் வந்தது, சன்னல் வழியாகவும் வந்தது. பெண்ணின் அலறல்.

முதஸ்ஸிர் திரையைப் பார்த்தான். செங்கல் நிற லாரி நின்றுவிட்டது. வெற்றியின் வண்டிக்கு ஒரு மயிரிழை பின்னால். இடிக்கவில்லை. இடிக்க அவசியமில்லாததுபோல நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் ஓடினான். ட்ரெய்லர்கள் வரிசையாக, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகாமல், விளக்கு எரிந்தபடி நின்றிருந்தன. எங்கும் கண்ணாடி உடையவில்லை. எங்கும் தீ இல்லை. கையிலிருந்த போன் அடித்தது. ஜெஸ்வின்.

"இன்னா பாய், மிஸ்டு காலா குடுத்துகினு கீற? நா பாலத்தாண்ட நல்லா தூங்கிகினு இருந்தேன். எதுனா அர்ஜென்டா?"

"நீ... நீ போன எடுத்தியே."

"எங்க எடுத்தேன்? இப்பதான பாக்கறேன். ஹலோ? பாய்?"

போன் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

வெற்றியின் ட்ரெய்லரைச் சுற்றி ஓட்டுநர்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், தாடியிலிருந்து மழைநீர் வழிய, கமாலுதீன் நின்றிருந்தார். உயிரோடு. முழுசாக.

"தம்பி, இன்னா காரியம் நடந்துபோச்சு பாரு" என்றார். "தட்டாம எடுத்துட்டான்."

வெற்றி சாலையோரச் சேற்றில் மண்டியிட்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். முதஸ்ஸிரைக் கண்டதும் நிமிர்ந்தான். அடிக்க வருவான் என்று முதஸ்ஸிர் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். வெற்றி அடிக்கவில்லை.

"நீதான மாமு சொன்ன" என்றான். "நீ சொல்லித்தான எடுத்தேன்."

வறுத்த மீன்கள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. அலுமினியக் கூடை தகடாகியிருந்தது. அதற்கு அப்பால், ட்ரெய்லரின் அடியில், இருட்டுக்குள், பின்சக்கர வரிசையிலிருந்து ஒரு புடவை வெளியே வந்திருந்தது. மழைநீர் அந்தப் பக்கத்திலிருந்து சிவப்பாக ஓடி வந்து அவன் செருப்பை நனைத்தது.

"உயிர் கீது" என்றார் கமாலுதீன். "இடுப்பு வரைக்கும் மாட்டிகினுகீது. முன்னயும் எடுக்கக் கூடாது, பின்னயும் எடுக்கக் கூடாது. ஒரு அங்குலம் நவுந்தாலும் மொத்தமா போய்டும். ஜாக்கி எடுத்தார ஆள் ஓடிக்கீறான். ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாச்சு. அதுவரைக்கும் யாராச்சும் பக்கத்துல இருந்தா..."

யாரும் அசையவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. நிறைந்த கண்டெய்னர் ஏறிய ட்ரெய்லரின் அடியில் போய் யார் படுப்பார்கள்?

"நான் போறேன்" என்றான் முதஸ்ஸிர்.

கமாலுதீன் அவன் முகத்தைப் பார்த்தார். கேபினில் ஏறி, என்ஜினை அணைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். கேபின் கதவைச் சாத்தினார். "தோ பாரு, சாவி என் கைல கீது. பிரேக்கு போட்டாச்சு. எவனையும் மேல ஏற வுட மாட்டேன். பிஸ்மில்லா சொல்லிட்டுப் போ."

முதஸ்ஸிர் சேற்றில் படுத்து, முழங்கையை ஊன்றி உள்ளே ஊர்ந்தான். அடியில் மழை இல்லை. சூடாக இருந்தது. கிரீஸ் நாற்றம், ரத்த நாற்றம், வறுத்த மீனின் வாசம். போனின் விளக்குகூட இல்லை. தடவித் தடவித்தான் அவள் கையைக் கண்டுபிடித்தான். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. ஆனால் பிடித்துக்கொண்டது. பிள்ளைபெறும் பெண்ணின் பிடி அது.

"பவுனக்கா. நான்தான்."

"பாயி." குரல் தெளிவாகவே இருந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. "தட்டலியே பாயி. தட்டியிருந்தா வெளிய வந்திருப்பேனே. நா முழிச்சிகினுதான் இருந்தேன். தட்டுவான், போலாம்னு குந்திகினு இருந்தேன்."

நெற்றியை அவள் கைமேல் வைத்துக்கொண்டான்.

"என் காலு எங்க கீது? கால் இருக்கற எடமே தெரியல."

"இருக்குக்கா. எல்லாம் இருக்கு. ஜாக்கி வருது."

"கைய வுடாத."

"வுட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் ஓதினான். அவள் தன் சாமியைக் கூப்பிட்டாள். இரண்டும் அந்த இரும்பின் அடியில் ஒன்றாக முனகின. கொஞ்ச நேரம் அப்படிப் போனது. அவள் மூச்சு நிதானப்பட்டது. ஒருவேளை பிழைத்துவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. தலையைத் திருப்பி வெளியே பார்த்தான். தரையோடு தரையாகச் சாலை விளக்கின் வெளிச்சத்தில் கால்கள் தெரிந்தன. வரிசையாக நனைந்த கால்கள். சேறு அப்பிய வெற்றியின் வெறுங்கால்கள். அவற்றுக்குப் பக்கத்தில் கமாலுதீனின் கால்கள். தொங்கும் அவர் கை. அந்தக் கையில் சாவி. எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

மேலே கேபின் கதவு திறந்து மூடியது.

கால்கள் ஒன்றும் அசையவில்லை.

இருக்கையின் ஸ்பிரிங் கனம் தாங்கி முனகியது. யாரோ சாவகாசமாக உட்கார்ந்தார்கள்.

"யாரது?" என்று கத்தினான் முதஸ்ஸிர். "கமால் பாய்! மேல யாரு?"

"மேல யாருமில்ல தம்பி" என்றார் கமாலுதீன். "யாருமில்லியே..."

என்ஜின் உயிர்பெற்றது.

வெளியே கூச்சல். கால்கள் ஓடின. கேபின் கதவை யாரோ உடைப்பதுபோல அடித்தார்கள். வெற்றி ஓலமிட்டான். முதஸ்ஸிரின் தலைக்கு மேல் அடிச்சட்டம் அதிர்ந்தது. துருவும் சேறும் கண்ணில் உதிர்ந்தன.

வெளியே உருண்டுவிடலாம். ஒரு புரளல்தான். அவ்வளவு தூரம்தான் இருந்தது. அவளும் அதைப் புரிந்துகொண்டாள். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அவன் கையிலிருந்து விடுபட்டன.

"போ பாயி. நீ போ."

பிரேக் விடுபட்டது. 'உஸ்' என்று ஒரு நீண்ட மூச்சு.

முதஸ்ஸிர் இருட்டில் துழாவினான். விலகிப்போன அந்தக் கையை மறுபடி கண்டுபிடித்தான். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

அவன் முகத்துக்கு நேரே, ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்த கறுப்புச் சக்கரம், எந்த அவசரமும் இல்லாமல், ஒரு விரற்கடை உருண்டது.